பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா பக்கம் தெருப்பூனைகளுக்கு வேலை செய்ய வருகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

பாறைவாசி | கொழிஞ்சாம்பாறை

வணக்கம். "பூனைகளுக்கு ஏதாவது செய்யணும், நானும் வரலாமா" என்று கேட்டு அடிக்கடி செய்தி வருகிறது. தாராளமாக வாங்க. ஆனால் ஆசையாக வருகிற பலர் சீக்கிரமே நின்றுவிடுகிறார்கள். என்ன வேலை, அதில் எங்கே கஷ்டம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் நின்றிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குத்தான் இந்த இழை. வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கத்து ஆட்களும், கேரளா-தமிழ்நாடு எல்லையில் வேறு பகுதியில் இருப்பவர்களும் அவரவர் அனுபவத்தை எழுதுங்கள்.

எங்கள் ஊரில் பூனைகள் கூடும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். மீன் கடை வரிசை, கள்ளுக்கடைப் பின்புறம், அரிசி மில், கல்யாண மண்டபம். கள்ளுக்கடையில் மீன் கறியும் கோழி வறுவலும் போகிற வேகத்தில் முள்ளும் எலும்பும் பின்னால் குவியும். அங்கே ஒரு பெட்டை வந்து சேர்ந்தால் போதும். நாலைந்து மாத வயதிலேயே பூனை சினையாகிவிடும். சினைக்காலம் 63 முதல் 65 நாள். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். நம் வெயிலுக்கு இதற்கென்று தனிப் பருவமே இல்லை, வருஷம் முழுக்க எங்காவது ஒரு மூலையில் குட்டிகள் கத்திக்கொண்டிருக்கும்.

இதில் நாம் கிண்ணத்தில் சோறும் மீனும் வைத்துவிட்டு வந்தால் என்ன ஆகும்? வயிறு நிறைந்த பெட்டை இன்னும் நன்றாகக் குட்டி போடும். அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவை வண்டியில் அடிபட்டோ, சளி பிடித்துக் கண் ஒட்டியோ, வயிற்றுப்போக்கிலோ போய்விடும். அதனால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். ஓர் இடத்தை எடுத்தால் அந்த இடத்தை முழுதாக முடியுங்கள். அங்கே இருக்கும் பூனைகளில் முக்கால்வாசிக்கு மேல் கருத்தடை ஆகாமல் எண்ணிக்கை இறங்காது. பத்து இடத்தில் இரண்டிரண்டு பூனைக்கு ஆபரேஷன் செய்தால் பத்து இடத்திலும் எதுவும் மாறாது. ஒரு கள்ளுக்கடைப் பின்புறத்தை முழுதாக முடித்தால் அங்கே நிஜமாகவே மாறும்.

எங்கே முட்டுகிறது என்று சொல்லுங்க.

---

எல்லைச்சாவடி | வேலந்தாவளம்

எனக்கு முதல் முட்டு, டாக்டரும் தூரமும்.

எங்கள் ஊர் மிருகாசுபத்திரியைக் குறை சொல்ல மாட்டேன். இது பால் ஊர். காலையில் போனால் மாடு, கன்று, ஆடு என்று வரிசை நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் மனுஷன் கை படாத ஒரு பூனையை மயக்கி, வயிற்றைத் திறந்து, தெளியும் வரை பார்த்துக்கொள்ள அவர்களுக்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை. பஞ்சாயத்து அளவில் கருத்தடைப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் நாயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆக பொள்ளாச்சி, கோயம்புத்தூர், இல்லாவிட்டால் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை. பஸ்ஸில் கூண்டோடு ஏறினால் நடத்துநர் யோசிக்கிறார். ஆட்டோ அண்ணன்கள் ஒரு தடவை வருவார்கள். கடுவன் பூனை சிறுநீர் அடித்த வண்டியில் மறுநாள் யாரும் ஏற முடியாது, அவர்கள் பிழைப்பும் பார்க்கணுமே.

நாங்கள் இப்போது கூண்டுக்கு அடியில் தார்ப்பாய், அதன் மேல் பழைய செய்தித்தாள், அதற்கும் மேல் கூண்டு என்று வைக்கிறோம். வண்டி கழுவும் காசைப் பேச்சில்லாமல் முதலிலேயே கொடுத்துவிடுகிறோம். அப்புறம்தான் ஒரு அண்ணன் நிரந்தரமாக வர ஒப்புக்கொண்டார்.

இன்னொன்று. பூனையைப் பிடித்துவிட்டு டாக்டருக்கு போன் செய்யாதீர்கள். தேதி வாங்கிவிட்டு அப்புறம் பிடியுங்கள். பிடித்த பூனையைக் கூண்டிலேயே இரண்டு நாள் வைத்திருப்பது அதற்குப் பெரிய சித்திரவதை.

---

மத்திக்கருவாடு | கொழிஞ்சாம்பாறை

எல்லைச்சாவடி அண்ணன் சொன்னதோடு பிடிக்கிற வேலையையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் நாள் கூண்டை வைத்து அன்றே பிடிக்கப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்வது. ஒரு பூனை மாட்டி அலறுவதை மற்றதெல்லாம் பார்த்துவிட்டால் அந்த இடத்தில் அதற்குப் பிறகு கூண்டுக்குள் ஒன்றும் தலை வைக்காது. நாங்கள் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து, சில நாள் அதற்குள்ளேதான் சோறு வைப்போம். தினமும் ஒரே நேரம். உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது பழகட்டும். ஆபரேஷனுக்கு முந்தின இரவு சாப்பாட்டை நிறுத்த வேண்டும், மயக்க ஊசிக்கும் அது தேவை. இங்கேதான் இடைஞ்சல். பக்கத்து வீட்டு அம்மா பாவம் பார்த்து ராத்திரி சோறு வைத்துவிடுவார்கள், பசியில்லாத பூனை காலையில் கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் அந்தத் தெருவில் யார் யார் சோறு வைக்கிறார்கள் என்று தெரிந்து, அவர்கள் எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இரைக்கு வறுத்த மத்தியைவிடக் கருவாட்டை லேசாகச் சுட்டு வைத்தால் வாசம் தூரம் போகும். பூனை உள்ளே போய்க் கதவு விழுந்த உடனே முழுக் கூண்டையும் கனமான துணியால் மூடுங்கள். இருட்டானதும் அடங்கிவிடும். மூடாமல் விட்டால் கம்பியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும்.

தென்னந்தோப்பு ஓரம் கூண்டு வைக்கிறவர்களுக்கு: கள் இறக்குகிற தோப்பில் மரநாய் வரும், மரத்துப் பானையில் கள் குடிக்க அதற்கு ரொம்பப் பிரியம். கூண்டில் அது மாட்டினால் அங்கேயே கதவைத் திறந்து பின்வாங்கி நில்லுங்கள். அது காட்டு விலங்குச் சட்டத்தில் வருவது, வீட்டுக்குத் தூக்கிப்போவதும் போட்டோ எடுத்துப் போடுவதும் வேண்டாம்.

பங்குனி, சித்திரையில் பாலக்காடு வெயில் எல்லோருக்கும் தெரியும். அந்த மாதங்களில் விடிவதற்கு முன்னால் பிடித்து வெயில் ஏறுவதற்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேராவிட்டால் அன்றைக்குப் பிடிக்கவே கூடாது. நிறுத்திய காருக்குள் ஒரு நிமிஷமும் கூண்டை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

---

தோட்டக்காரர் | எருத்தேம்பதி

எனக்கு இந்த வேலையில் உடன்பாடு இல்லை. ஆனாலும் மரியாதையாகக் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

நான் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பஞ்சாரத்தில் இருந்து குஞ்சுகளைத் திறந்துவிட்டால் பூனை வந்து அள்ளிப் போகிறது. போன வருஷம் ஒரு குழு வந்து எங்கள் வேலி ஓரம் பூனைகளைப் பிடித்தார்கள். சரி, தொல்லை விட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஆபரேஷன் அடையாளமாகக் காது நுனியை வெட்டிக் கொண்டுவந்து அதே வேலி ஓரம் விட்டுவிட்டுப் போனார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூனைமேல் இரக்கம் இருக்கிறவர்களுக்கு என் கோழிமேல் ஏன் இல்லை? வேறு எங்காவது கொண்டுபோய் விடக் கூடாதா?

---

பாறைவாசி | கொழிஞ்சாம்பாறை

ஐயா, உங்களிடம் சொல்லாமல் விட்டது தவறு. அது எங்கள் குழு இல்லை என்றாலும் அப்படிச் செய்யக் கூடாது என்பதில் சந்தேகமே இல்லை. யாருடைய வேலி ஓரமோ அவரிடம் பேசாமல் கூண்டை இறக்கவே கூடாது.

வேறு இடத்தில் விடுவது ஏன் இல்லை என்று கேட்டீர்கள். பூனை இடத்தைப் பிடித்து வாழும் பிராணி. தெரியாத ஊரில் இறக்கிவிட்டால் அன்றே கிளம்பிப் பழைய இடம் தேடி நடக்கும். வழியில் வண்டியோ நாயோ முடித்துவிடும். அப்படியே மாற்றத்தான் வேண்டும் என்றால் புது இடத்தில் இரண்டு மூன்று வாரம் அடைத்து வைத்துப் பழக்க வேண்டும், அதற்குத் தயாராக ஒருவர் அங்கே இருக்க வேண்டும். இங்கேயும் இடம் காலியாக இருக்காது. சோறு இருக்கிற வரை பக்கத்துத் தெருவில் இருந்து ஆபரேஷன் ஆகாத வேறு பூனை வந்து நிற்கும். உங்களுக்குத் தொல்லை முதலில் இருந்து தொடங்கும்.

உங்கள் குஞ்சுகளுக்கு நாங்கள் செய்யக்கூடியது: உங்கள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் யாரும் பூனைக்குச் சோறு வைக்காமல் பார்ப்போம். இருக்கிற சோற்றிடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் தள்ளி வைப்போம். குஞ்சு பொரித்த முதல் ஆறேழு வாரம் மேலேயும் வலை போட்ட கூண்டு இருந்தால் பூனை மட்டுமில்லை, கீரியும் காக்காயும்கூடத் தொட முடியாது. கம்பி வலை கட்ட ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம். ஆபரேஷன் ஆன பூனை வேட்டையாடாது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன், அது பொய். சண்டை, இரவு அலறல், சிறுநீர் நாற்றம், குட்டிகள், இவை குறையும்.

---

தோட்டக்காரர் | எருத்தேம்பதி

வலை கட்ட வருகிறோம் என்று எழுதினீர்கள். வந்து பாருங்கள். முதலில் வலை, அப்புறம்தான் என் வேலி ஓரம் கூண்டு.

---

வயல்நோக்கி | பெருமாட்டி

நான் பறவை பார்க்கிறவன். தோட்டக்காரர் ஐயாவின் கேள்வியை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன்.

அமெரிக்காவில் 2013-ல் வந்த ஓர் ஆய்வு, அங்கே பூனைகள் வருஷத்துக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்கின்றன என்று மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு வீட்டுப் பூனை இல்லை, ஆளில்லாத பூனை. அந்தக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தக் கூடாது என்பது தெரியும். ஆனாலும் நம் குளத்தோரம், வரப்போரம் தரையில் முட்டை வைக்கும் பறவைகள் இருக்கின்றன. வேலியில் தேன்சிட்டு, மண்ணில் ஓணான், மரத்தில் அணில். பூனைக்கு இவை எல்லாமே இரை. சூலனூர் மயில் சரணாலயம், பரம்பிக்குளம் மாதிரி இடங்களை ஒட்டி ஒருவர் பூனைக்குச் சோறு வைக்கிறார் என்றால் அதை நான் நல்ல காரியம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு பெரிய கவலை. கரும்பு வெட்டும்போது காட்டுப்பூனைக் குட்டிகள் கிடைக்கும். பிறந்த குட்டிக்கு உடம்பில் வரியும் புள்ளியும் இருக்கும், வளர்ந்தால் மறைந்துவிடும். அதனால் பார்ப்பவர்கள் வீட்டுப் பூனைக் குட்டி என்றே நினைத்து எடுத்துப்போய்ப் பால் ஊற்றுகிறார்கள். வளர்ந்த காட்டுப்பூனை நெட்டைக் கால், வாலில் கறுப்பு வளையம், வால் குட்டை, காது நுனியில் சின்னக் கறுப்பு மயிர்க்கொத்து. வயலில் குட்டி கிடந்தால் எடுக்கக் கூடாது. அந்தப் பகுதியை வெட்டாமல் விட்டு ஆட்கள் விலகினால் இரவில் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விப் போகும். மறுநாளும் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். காட்டுப்பூனையும் வீட்டுப்பூனையும் கலந்து இனப்பெருக்கம் செய்யக்கூடியவை. வயலோரம் ஆபரேஷன் ஆகாத வீட்டுப்பூனை திரிவது அந்த வகையிலும் கெடுதல்.

---

பாறைவாசி | கொழிஞ்சாம்பாறை

வயல்நோக்கி, நீங்கள் சொன்னதில் காட்டோரம், குளத்தோரம் சோறு வைக்கக் கூடாது என்பதை நான் அப்படியே ஏற்கிறேன். எங்கள் குழு கடைத்தெருவிலும் குடியிருப்பிலும் மட்டும்தான் வேலை செய்கிறது. வயலோரப் பெட்டைகளுக்கு முதலில் ஆபரேஷன் என்பதையும் சேர்த்துக்கொள்வோம். ஆனால் திரும்ப விடுவதே தப்பு என்று நீங்கள் நினைத்தால் அங்கே நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. இத்தனை பூனைகளை அடைத்து வளர்க்கும் காப்பகம் இந்தத் தாலுகாவில் இல்லை. கொல்வதற்கு நான் ஒருநாளும் துணை நிற்க மாட்டேன்.

---

வயல்நோக்கி | பெருமாட்டி

கொல்லச் சொல்லவில்லை. வேறுபாடு இருக்கட்டும். குளத்தோரச் சோற்றிடங்கள் மூன்று எனக்குத் தெரியும், காட்டுகிறேன், முதலில் அவற்றை நகர்த்துங்கள்.

---

ஊசிமருந்து | பாலக்காடு

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை. பூனை கடித்தாலும், ரத்தம் வர நகத்தால் கிழித்தாலும் வரலாம். வந்துவிட்டால் காப்பாற்ற வழி இல்லை. கடிபட்ட உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், மனசுக்குப் பதினைந்து நிமிஷம் ஆனது மாதிரி இருக்கும்போது மூன்று நிமிஷம்தான் ஆகியிருக்கும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. அன்றே ஆஸ்பத்திரி. தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (உடனே பாதுகாப்பு தரும் எதிர்ப்புப் பொருள்) ஊசியும் தேவைப்படும். "பூனையைப் பத்து நாள் பார்த்துவிட்டு அப்புறம் போடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் பூனையைக் கவனிக்க வேண்டும்.

கூண்டு தூக்குகிற யாராக இருந்தாலும் வேலைக்கு வரும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. 0, 7, அப்புறம் 21 அல்லது 28-ம் நாள் என்று மூன்று ஊசி. போட்டிருந்தால் பின்னால் கடிபடும்போது இரண்டு ஊசியோடு முடியும், இம்யூனோகுளோபுலின் வேண்டியதில்லை. ஆனால் போட்டிருக்கிறோமே என்று கடியை விட்டுவிடக் கூடாது.

வெறிநோய் தவிர, பூனைப் பல் ஊசி மாதிரி. மேலே சின்னத் துளைதான் தெரியும், கிருமி உள்ளே ஆழத்தில் இறங்கியிருக்கும். ஒரே நாளில் கை வீங்கிவிடும். விரல் மூட்டில் கடித்திருந்தால், சர்க்கரை நோய் இருந்தால், இன்னும் அவசரம். வெறும் கையால் பூனையைக் கூண்டில் இருந்து எடுக்கவே கூடாது. தோல் கையுறையும் கனமான துண்டும் இல்லாத நாளில் வேலையை ஒத்திப் போடுங்கள்.

கர்ப்பமாக இருக்கும் பெண்கள் பூனை மலத்தை அள்ள வேண்டாம். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மலத்தில் வெளியேறி, ஒரு நாளாவது கழிந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அதனால் வேறு யாராவது தினமும் கையுறை போட்டுச் சுத்தம் செய்தால் ஆபத்து குறைவு. வேகாத இறைச்சியாலும் கழுவாத கீரையாலும்தான் அது அதிகம் பரவுகிறது, பூனையை வீட்டை விட்டுத் துரத்த வேண்டியதில்லை.

---

புதுசு | நல்லேப்பிள்ளி

அக்கா, நன்றி. தடுப்பூசி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நான் காலேஜில் படிக்கிறேன். கூண்டு தூக்க வீட்டில் விடமாட்டார்கள். குட்டிகளை வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அது சுலபம்தானே?

---

பஞ்சுமெத்தை | சித்தூர்

தங்கச்சி, சுலபம் இல்லை. இந்த இழையில் எனக்கு அதிகம் தெரிந்தது அதுதான், சொல்கிறேன்.

முதலில், குட்டி தனியாகக் கிடக்கிறது என்று உடனே தூக்கிவிடாதே. தாய் இரை தேடப் போயிருக்கும். தூரத்தில் நின்று சில மணி நேரம் பார். குட்டி சுத்தமாக, வயிறு நிறைந்து தூங்கினால் தாய் இருக்கிறது என்று அர்த்தம். அழுக்காக, விடாமல் கத்திக்கொண்டு, தொட்டால் ஜில்லென்று இருந்தால் எடு.

எடுத்தால் பால் கொடுக்கும் முன் சூடு கொடு. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வை. மாட்டுப்பால் கொடுத்தால் பேதி ஆகும், பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவுதான் சரி. ரொம்ப அவசரத்துக்கு ஆட்டுப்பால். குப்புறப் படுத்த நிலையில்தான் கொடுக்க வேண்டும், குழந்தையைப் போல மல்லாத்திக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். முதல் வாரத்துக் குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம், இரவிலும். ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் தடவிவிட்டால்தான் சிறுநீர் கழிக்கும். கிட்டத்தட்ட நாலு வாரம் வரை இப்படித்தான்.

அப்புறம் பான்லூக்கோபீனியா. வளர்ப்புக்குக் குட்டி எடுக்கிற வீடுகளை உடைத்துப்போடுவது இந்த வைரஸ்தான். காலையில் விளையாடிய குட்டி மாலையில் சுருண்டு கிடக்கும், வாந்தி, பேதி, மறுநாள் இருக்காது. ஒன்று போனால் அடுத்தடுத்துப் போகும். என் வீட்டிலும் ஒரு ஈற்று முழுக்கப் போயிருக்கிறது. அந்த வாரம் நான் யாருடைய போனையும் எடுக்கவில்லை. இந்த வைரஸ் வீட்டுத் தரையில், பாத்திரத்தில், துணியில் ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கும். ஃபினாயில், டெட்டால் இரண்டுமே பூனைக்கு விஷம், அதைக் கொண்டு துடைக்காதே. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு பிளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு, கழுவிக் காயவைத்த பிறகுதான் பூனையை விடலாம். புதுக் குட்டி வந்தால் இரண்டு வாரம் தனி அறை, தனிக் கிண்ணம், தனித் துண்டு. வீட்டில் ஏற்கனவே பூனை இருந்து அதற்குத் தடுப்பூசி இல்லையென்றால் குட்டி எடுக்காதே. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை திரும்ப, நாலு மாதம் ஆகும் வரை.

காய்ச்சலாக இருக்கிறதே என்று மனுஷ மாத்திரை கொடுக்கவே கூடாது. ஒரே ஒரு பாரசிட்டமால் ஒரு பூனையைக் கொல்லும். நாய்க்கு உண்ணி போக விடுகிற சொட்டு மருந்தில் சிலதும் அப்படித்தான்.

பயமுறுத்த எழுதவில்லை. உனக்கு இரவில் எழுந்திருக்க முடியாதென்றால் ஆறு வாரம் தாண்டிய குட்டிகளைப் பழக்கும் வேலையை எடு. மனுஷனுக்குப் பழகும் வயது இரண்டு வாரத்தில் தொடங்கி எட்டு ஒன்பது வாரத்தோடு மூடிவிடும். அந்த நேரத்தில் தினமும் மடியில் வைத்துக் கொஞ்சி, வீட்டுச் சத்தத்துக்குப் பழக்கினால் நல்ல வீடு கிடைக்கும். படிக்கிற பிள்ளைக்கு ஏற்ற வேலை.

---

லயத்துவீடு | வண்டிப்பெரியார்

இடுக்கிப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எலிக்காகவே பூனை வைத்திருப்பார்கள். வேலை முடிந்து ஓய்வு வாங்கிக் கம்பம், தேனி பக்கம் குடும்பத்தோடு இறங்கிப் போகும்போது பூனை மட்டும் லயத்தில் நின்றுவிடும். வீட்டில் வளர்ந்தது, கதவு திறக்கும் என்று வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். இவற்றைக் காட்டுத்தனமான பூனைகளோடு சேர்க்கக் கூடாது. கிட்டே வந்து கால் உரசுகிற பூனைக்கு ஆபரேஷன் செய்து வீடு தேடிக் கொடுக்க வேண்டும், திரும்பத் தெருவில் விடக் கூடாது.

எங்களுக்கு முக்கியக் கஷ்டம் மனுஷர்கள்தான். பொழுது விடியாத நேரத்தில் இரண்டு பெண்கள் துணி மூடிய கூண்டோடு நின்றால் என்ன கேட்பார்கள் என்று யோசியுங்கள். "பூனையைப் பிடித்துக் கறிக்கு விற்கிறார்கள்" என்று ஒரு தடவை கூட்டமே கூடிவிட்டது. வார்டு மெம்பரிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் வாங்கி, தமிழிலும் மலையாளத்திலும் எழுதி அட்டை போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறோம். மலையாளம் பேசுகிற சேச்சி ஒருவர் கூட இருந்தால் அந்த இடத்தில் பாதிச் சண்டை வராது. தமிழ் மட்டும் தெரிந்த பாட்டிகளிடம் தமிழில் பேசினால்தான் "இது எங்கள் வீட்டுப் பூனை, எடுக்காதே" என்ற விஷயம் நமக்குத் தெரியவரும்.

---

எல்லைச்சாவடி | வேலந்தாவளம்

லயத்துவீடு அக்கா சொன்ன கடிதம் ரொம்ப அவசியம். சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் பூனைக்கும் பொருந்தும். விஷம் வைத்துக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325-ம் பிரிவில் ஐந்து வருஷம் வரை தண்டனை உண்டு. 2023 மார்ச்சில் வந்த விலங்குகள் கருத்தடை விதிகளில், தெரு விலங்குகளுக்குச் சோறு வைக்கும் இடம் குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், மாடிப்படி இவற்றில் இருந்து தள்ளி இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதாவது சட்டம் நமக்கு உரிமையும் தருகிறது, கடமையும் தருகிறது. சண்டையில் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் மறுநாள் அந்தத் தெருவில் கால் வைக்க முடியாது. வைத்த சோற்றை அரை மணியில் எடுத்துவிட்டு, இலையைக் கூட்டி அள்ளிக்கொண்டு வருகிறவனை யாரும் திட்டுவதில்லை.

---

மத்திக்கருவாடு | கொழிஞ்சாம்பாறை

இடது காது நுனி பற்றிச் சொல்ல விட்டுப்போனது. மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியை நேராக வெட்டிவிடச் சொல்லுங்கள். பல நாடுகளில் ஆபரேஷன் ஆன தெருப்பூனைக்கு அதுதான் அடையாளம். அழகு கெடுகிறது என்று சிலர் வேண்டாம் என்கிறார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் காது வெட்டாமல் அனுப்பிய பெட்டையை வேறொரு குழு மறுபடியும் பிடித்து, மயக்கி, வயிற்று மயிரை மழித்த பிறகுதான் பழைய தழும்பைப் பார்த்தார்கள். காதைப் பார்த்தால் தூரத்திலேயே தெரிந்திருக்கும்.

தையல் கரையும் தையலாக இருக்கட்டும் என்று டாக்டரிடம் முதலிலேயே கேளுங்கள். தையல் பிரிக்க அந்தப் பூனையை மறுபடி யார் பிடிப்பது? வலி மருந்தும் நீண்ட நாள் வேலை செய்யும் ஊசியாகவே கேளுங்கள். கடுவனை மறுநாள் விடலாம். பெட்டையை இன்னும் ஒன்றிரண்டு நாள் வைத்து, சாப்பிடுகிறதா, காயம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடித்த அதே இடத்தில் விட வேண்டும். பால் கொடுக்கும் தாயாக இருந்தால் குட்டி எங்கே என்று தெரியாமல் தூக்கக் கூடாது.

---

பஞ்சுமெத்தை | சித்தூர்

ஒரு விஷயம் யாரும் எழுதவில்லை. "முடியாது" என்று சொல்வது.

நாம் பூனை வேலை செய்கிறோம் என்று ஊருக்குத் தெரிந்த நாளில் இருந்து வாசலில் அட்டைப்பெட்டி வர ஆரம்பிக்கும். இரவில் சாக்கில் கட்டி வீசிவிட்டுப் போவார்கள். "நீங்க எடுக்கலைன்னா செத்துடும்" என்று போன் வரும். ஒவ்வொன்றையும் எடுத்தால் உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் நோய் வரும், காசு தீரும், வீட்டில் சண்டை வரும். என்னோடு தொடங்கிய இரண்டு பேர் அப்படித்தான் மனசு ஒடிந்து விலகினார்கள். இருவரும் என்னைவிட நல்லவர்கள். என் வீட்டில் ஒரு நேரத்தில் எத்தனை குட்டி என்று எண்ணிக்கை வைத்துக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதற்கு மேல் யார் அழுதாலும் வேறு வீட்டு எண்ணைத் தருவேன், ஆஸ்பத்திரிக்குக் கூட வருவேன், உள்ளே எடுக்க மாட்டேன். காசு விஷயமும் அப்படியே. ஒவ்வொரு பில்லையும் குழுவில் போட்டோவாகப் போடுங்கள். யாரோ ஒருவர் நன்கொடை வாங்கிக் கணக்கு காட்டாமல் போனதால் எங்கள் எல்லோரையும் ஊர் சந்தேகப்பட்டது.

---

புதுசு | நல்லேப்பிள்ளி

பஞ்சுமெத்தை அக்கா, ஆறு வாரக் குட்டிகளைப் பழக்கும் வேலையை எடுத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் கேட்டேன், மாடி அறையைத் தருகிறேன் என்றார்கள். வீட்டில் வேறு பூனை இல்லை. தடுப்பூசிக்கு ஊசிமருந்து அக்கா இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வரலாமா?

---

ஊசிமருந்து | பாலக்காடு

எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் கேட்கலாம் தங்கச்சி. கடிபடுவதற்கு முன் போடும் ஊசி அங்கே இருப்பு இருக்கிறதா என்று போன் செய்துவிட்டுப் போ. தேதிகளை அட்டையில் எழுதி வாங்கி வை.

---

பாறைவாசி | கொழிஞ்சாம்பாறை

நல்லது. அடுத்து எடுப்பது சந்தைக்குப் பின்னால் இருக்கும் கள்ளுக்கடை. கடைக்காரர் சம்மதித்துவிட்டார், கழிவை மூடிய டிரம்மில் போடவும் ஒப்புக்கொண்டார். இந்த வாரம் எண்ணுவது மட்டும்தான். எத்தனை பெட்டை, எத்தனை கடுவன், எதற்குப் பால் இருக்கிறது, எதன் காது வெட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் போட்டோவோடு எழுத இரண்டு பேர் வேண்டும். மாலை வெளிச்சம் இருக்கும்போதே வாருங்கள். எல்லைச்சாவடி அண்ணா, எண்ணி முடித்ததும் பொள்ளாச்சி டாக்டரிடம் தேதி வாங்கிவிடுங்கள். தோட்டக்காரர் ஐயா, ஞாயிறு காலை வலையோடு வருகிறோம், கூட்டின் நீள அகலம் மட்டும் தனிச்செய்தியில் அனுப்பி வையுங்கள்.